நிச்சயதார்த்த மோதிரம் வாங்கப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கவனத்திற்கு

2024ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில், என் அக்கா மகனின் நிச்சயதார்த்தத்திற்காகப் புதுச்சேரியில் 56,600 ரூபாய் கொடுத்து வாங்கிய வைர மோதிரத்தில் இருந்த கல் வைரமே இல்லை என்பது, அது பெண்ணின் விரலில் ஏறிய இருபத்து மூன்றாம் நாள் எங்களுக்குத் தெரியவந்தது. தங்கம் சரியாகவே இருந்தது. அதன் மேலிருந்த தூய்மை முத்திரையும் (ஹால்மார்க்) உண்மையானதுதான். முத்திரைக்குச் சம்பந்தமில்லாத இடத்தில்தான் நாங்கள் ஏமாந்தோம். கடையின் பெயரை எழுதுவதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றேன் என்பதால் அதை இங்கே சொல்ல இயலாது. நடந்த விதத்தைச் சொல்வதற்கு அப்படி எந்தத் தடையும் இல்லை.

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். என் அக்கா காலத்திலும் என் காலத்திலும் நிச்சயதார்த்தம் என்றால் தாம்பூலத் தட்டு மாற்றிக்கொள்வதுதான். மோதிரம் மாற்றும் வழக்கம் இந்தத் தலைமுறையில் வந்து சேர்ந்தது. பெண்ணுக்குப் போடும் மோதிரத்தைத் தாய்மாமன் என்ற முறையில் நானே வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். திருப்பாதிரிப்புலியூரிலும் லாரன்ஸ் ரோட்டிலும் தலைமுறைகளாக எங்களுக்குப் பழக்கமான கடைகள் இருக்கும்போது, பெண்ணையாற்றைத் தாண்டிப் புதுச்சேரிக்கு ஏன் போனேன் என்று அக்கா இன்றைக்கும் கேட்கிறாள். பெட்ரோலும் இன்ன பிறவும் அங்கே மலிவாகக் கிடைப்பதைப் பார்த்துப் பார்த்து, பாண்டியில் எதை வாங்கினாலும் வரி குறைவு என்ற எண்ணம் எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு ஊறிப்போயிருக்கிறது. நகைக்கு அது பொருந்தாது. 2017 ஜூலை மாதம் சரக்கு மற்றும் சேவை வரி வந்ததிலிருந்து தங்க நகைக்கு எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூன்று சதவீதம்தான். கணக்குப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் பேருந்து ஏறினேன்.

நேரு வீதியில் இரண்டு மூன்று பெரிய கடைகளைப் பார்த்துவிட்டு, சேதாரம் குறைவாகச் சொன்ன ஒரு நடுத்தரக் கடையில் உட்கார்ந்தோம். 18 காரட் தங்கத்தில், நடுவில் ஒற்றைக் கல்லாக முப்பது சென்ட் வைரம் (தங்கத்துக்குக் காரட் என்பது தூய்மை; கல்லுக்கு அது எடை, அதில் நூறில் ஒரு பங்கு சென்ட்), அடிப்புறம் திறந்த கட்டு. கடைக்காரர் நான் கேட்பதற்கு முன்பே மோதிரத்தின் உட்புறத்தைக் காட்டி, தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை, 18கே750 என்ற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் (ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும் அடையாளக் குறி) ஆகிய மூன்றையும் லென்ஸில் படிக்க வைத்தார். அந்த அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொன்னவரும் அவரே. மோதிரம், 750 என்று செயலி காட்டியது. அடுத்து பேனா போன்ற ஒரு கருவியை எடுத்துக் கல்லின் மேல் வைத்தார். விளக்குகள் ஏறி, ‘பீப்’ என்று சத்தம் வந்தது. "வைரம் இல்லாட்டி இது கத்தாது சார்" என்றார். இவற்றுக்கெல்லாம் மேலாக அவர் சொன்ன ஒன்றுதான் அக்காவை முழுவதுமாக நம்ப வைத்தது: "வைரம் எல்லாருக்கும் ஒத்துவராதுங்கம்மா. ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க. மூணு ராத்திரி தலைமாட்டுல வச்சுப் பாருங்க. மனசுக்குப் பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுங்க."

ஐயாயிரம் ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டு மோதிரத்தை எடுத்து வந்தோம். அக்கா மூன்று இரவும் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். கெட்ட கனவு ஒன்றும் வரவில்லை. வைரமே இல்லாத கல்லுக்கு வைர தோஷம் எங்கிருந்து வரும் என்பது எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

நான்காம் நாள் மீதிப் பணத்தைக் கொடுக்கப் போனபோது, பில் போட்டால் மூன்று சதவீத வரி சேரும், எஸ்டிமேட் சீட்டில் வாங்கிக்கொண்டால் அது மிச்சம், மாற்றுவதற்கோ திருப்புவதற்கோ சீட்டே போதும் என்றார்கள். நான் ஒப்புக்கொண்டேன். இதில் கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மிச்சமானது 1,698 ரூபாய். மீதியை ரொக்கமாகக் கொடுத்தேன். சீட்டோடு கடையின் பெயர் பொன்னெழுத்தில் அச்சிட்ட ஓர் ‘உத்தரவாத அட்டை’யும் கொடுத்தார்கள், அதில் வைரத்தின் நிறம், தெளிவு எல்லாம் எழுதியிருந்தன. சான்றிதழ் அது என்றே நான் நினைத்தேன். விற்றவர் தாம் விற்ற பொருளுக்குத் தாமே எழுதிக்கொண்ட தாள் அது என்பது பிறகுதான் உறைத்தது.

நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. மோதிரம் மட்டும் பெண்ணின் விரலில் சுழன்றுகொண்டே இருந்தது. (அளவுக்கு அவளுடைய பழைய மோதிரம் ஒன்றை வாங்கிப் போயிருக்க வேண்டும், நாங்கள் நூலைச் சுற்றி அளந்த கணக்கில் போனோம்.) அளவைக் குறைப்பதற்காகப் பாடலீஸ்வரர் கோயில் பக்கத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் பத்தரிடம் கொண்டுபோனேன். பற்றவைக்கும் முன் கல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக அவர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். மோதிரத்தைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தார், மறுபடி சாய்த்தார். "சார், இதை எவ்வளவுக்கு வாங்குனீங்க?" என்றார். நான் சொன்னதும் லென்ஸை என் கையில் கொடுத்தார். மேலிருந்து நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் சாய்த்து, கல்லுக்குள் தெரியும் பின்பக்கப் பட்டைகளின் ஓரக் கோடுகளைக் கவனிக்கச் சொன்னார். ஒவ்வொரு கோடும் இரண்டாகத் தெரிந்தது, கண்ணில் நீர் நிற்கும்போது எழுத்துகள் இரட்டையாகத் தெரிவது போல. வைரத்தில் கோடு ஒன்றாகத்தான் தெரியும், இரட்டையாகத் தெரிந்தால் மாய்சனைட் என்றார்.

மாய்சனைட் என்பது சிலிக்கன் கார்பைடு. ஹென்றி மாய்சான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1893இல் அமெரிக்காவின் அரிசோனாவில், விண்கல் விழுந்த பள்ளத்திலிருந்து கிடைத்த கல்லில் இதைக் கண்டறிந்ததால் அந்தப் பெயர் வந்தது. பிரெஞ்சுக்காரர் பெயர் கொண்ட கல்லைப் புதுச்சேரியில் என் தலையில் கட்டியதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. இன்று கடைகளில் இருப்பவை யாவும் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்டவை. இது போலிக் கண்ணாடி இல்லை. கடினமானது, வைரத்தைவிட அதிகமாகவே வண்ணங்களைச் சிதறடிப்பது. மாய்சனைட் என்று சொல்லி விற்றால் அதில் தவறே இல்லை. ஆனால் முப்பது சென்ட் அளவில் அதன் விலை சில ஆயிரங்களைத் தாண்டாது. எங்களிடம் கல்லுக்கு மட்டும் வாங்கியது 33,000 ரூபாய்.

கருவி ஏன் கத்தியது என்பதையும் பத்தரே விளக்கினார். அந்தப் பேனாக் கருவி வெப்பத்தை மட்டும் சோதிக்கிறது. வைரம் வெப்பத்தை மிக விரைவாகக் கடத்தும். மாய்சனைட்டும் கிட்டத்தட்ட அப்படியே கடத்துவதால் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் பிரித்துச் சொல்ல, மின்சாரம் பாய்கிறதா என்பதையும் பார்க்கும் வேறு வகைக் கருவி வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரத்தின் கதை இன்னும் சிக்கலானது: அது வேதியியல்படி வைரமேதான் என்பதால் வெப்பக் கருவியும் வைரம் என்றே சொல்லும், லென்ஸிலும் பிடிபடாது, விலையோ இயற்கை வைரத்தைவிட வெகு குறைவு. ஆகவே கடைக்காரர் உங்கள் எதிரில் கருவியை வைத்துக் காட்டுவது எதற்கும் சான்று ஆகாது.

சென்னையில் ஒரு கல் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து எழுத்துப்பூர்வமான அறிக்கை வாங்கினேன். மாய்சனைட், 0.27 காரட் என்று வந்தது. முப்பது சென்ட் என்று விற்றது எப்படி இருபத்தேழு ஆனது என்றால், மாய்சனைட் வைரத்தைவிட எடை குறைந்தது. வைரமாக இருந்திருந்தால் அந்தச் சுற்றளவுக்கு முப்பது சென்ட் இருந்திருக்கும் என்று கண்ணளவில் எழுதியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து, அதுவரை மடித்து வைத்திருந்த எஸ்டிமேட் சீட்டை முதன்முறையாகக் கணக்கு எழுதுபவனின் கண்ணோடு பார்த்தேன். மோதிரத்தின் மொத்த எடை 3.420 கிராம். முப்பது சென்ட் என்பது 0.060 கிராம், அதைக் கழித்தால் தங்கம் 3.360 கிராம். சீட்டில் கல்லோடு சேர்ந்த 3.420 கிராமுக்கும் தங்க விலை போட்டிருந்தார்கள். அதைவிடப் பெரியது, கிராம் விலை 5,850 ரூபாய் என்று இருந்தது. அது அன்றைய 22 காரட் விலை. 18 காரட்டுக்கு 4,790 ரூபாய்தான் வந்திருக்க வேண்டும். இந்தக் கூடுதல் தொகையின் மேலேயே பதினெட்டு சதவீதச் சேதாரமும் ஏறியிருந்தது. கல்லை விட்டுவிட்டாலும் தங்கத்தில் மட்டும் 4,600 ரூபாய்க்கு மேல் அதிகமாகக் கொடுத்திருக்கிறேன். சேதாரம் குறைவு என்று மகிழ்ந்துதான் அந்தக் கடையில் உட்கார்ந்தேன் என்பதை மறுபடியும் நினைவுபடுத்திக்கொண்டேன்.

கடைக்குப் போனபோது, அப்படி ஒரு மோதிரத்தைத் தாங்கள் விற்றதே இல்லை என்றார்கள். சீட்டில் கடையின் பெயர் இல்லை. மேலே ‘எஸ்டிமேட்’ என்ற ஒரு சொல், கீழே எண்கள், அவ்வளவுதான். உத்தரவாத அட்டையில் கடையின் பெயர் உண்டு, ஆனால் மோதிரத்தின் எண் இல்லை. வேறு மோதிரத்துக்குக் கொடுத்த அட்டை என்று சொல்லிவிட்டார்கள். எச்.யு.ஐ.டி. எண் கைகொடுக்கும் என்று நம்பிச் செயலியைத் திறந்தால், முத்திரை இடக் கொடுத்தவராக வெளியூர் மொத்த வணிகர் ஒருவரின் பெயர் இருந்தது. வாங்கும்போதே அந்த வரியும் திரையில் இருந்திருக்கிறது. நான் தூய்மையை மட்டும் படித்திருக்கிறேன். கடைசியில் எனக்கு உதவியது அந்த ஐயாயிரம் ரூபாய் முன்பணம்தான். ஜிபேயில் கடையின் கணக்குக்குப் போன அந்த ஒரு வரியை மட்டும் அவர்களால் மறுக்க முடியவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவு செய்தேன். விற்ற இடம் புதுச்சேரி என்பதால் அங்கேதான் வழக்குப் போட வேண்டும் என்று பலரும் சொன்னார்கள். அது பழைய சட்டம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது என் விஷயத்தில் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். இதைக் குறிப்பிட்டு ஒரு பதிவுத் தபால் அனுப்பிய பிறகே கடையின் குரல் இறங்கியது. ஏழு வாரங்கள் இழுத்து, இரண்டு தவணையாக 25,000 ரூபாய் கொடுத்தார்கள். முழுத் தொகைக்காக ஆணையத்துக்குப் போயிருக்கலாம். திருமண வேலைகளுக்கு நடுவில், பில் இல்லாத வழக்கை நடத்தும் தெம்பு எனக்கு இல்லை.

முத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னைப் போலவே பலரும் அதைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எச்.யு.ஐ.டி. இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு மட்டும் விலக்கு உண்டு, மெல்லிய மோதிரங்கள் பல அதில் தப்பிவிடும். முத்திரையிட்ட தங்கத்தில் தூய்மை குறைந்திருந்தால், குறைவின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கிடைக்க விதி இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் நான்கு நகைகள் வரை 200 ரூபாய்க்குச் சோதித்துத் தருகிறார்கள். இத்தனை பாதுகாப்பும் தங்கத்துக்குத்தான். எங்கள் மோதிரத்தில் தங்கத்தின் சரியான மதிப்பு 16,000 ரூபாய். கல்லின் விலை அதைப் போல இரண்டு மடங்கு. கல்லைப் பற்றி அந்த ஆறு இலக்கங்கள் எதுவும் சொல்வதில்லை.

திருமணத்திற்கு முன் இரண்டாவது மோதிரம் வாங்கியபோது, பெண்ணையும் உடன் அழைத்துக்கொண்டு கடலூரிலேயே வாங்கினோம். கல் சிறியது, பன்னிரண்டு சென்ட்தான். ஆனால் கடைக்குச் சம்பந்தமில்லாத பரிசோதனைக் கூடத்தின் அறிக்கை அதனுடன் இருந்தது. அறிக்கை எண்ணை அந்தக் கூடத்தின் இணையதளத்தில் அவளே போட்டுப் பார்த்தாள். கல்லின் இடுப்பு ஓரத்தில் (அது மிக அகன்றிருக்கும் விளிம்பில்) லேசரால் பொறித்திருந்த எண்ணும் அதே எண்தானா என்று பார்க்கக் கடையில் லென்ஸ் கேட்டோம். பதிவு பெற்ற கடைகள் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்திருக்க வேண்டும், கேட்டால் தர வேண்டும்; கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. பில்லில் ‘இயற்கை வைரம்’ என்ற சொல், கல்லின் எடை காரட்டில், தங்கத்தின் நிகர எடை கிராமில், தூய்மை, 18 காரட்டுக்கான விலை, சேதாரம், ஹால்மார்க் கட்டணம், எச்.யு.ஐ.டி. எண் எல்லாம் தனித்தனி வரிகளாக வந்தன. பின்னாளில் திருப்பிக் கொடுத்தால் கல்லுக்கு எத்தனை சதவீதம் தருவார்கள் என்பதையும் பில்லின் பின்புறம் எழுதி முத்திரை வைக்கச் சொன்னேன். விற்பனையாளர் முகம் சுளித்தார், எழுதினார். மூன்று சதவீத வரியையும் கட்டினேன்.

இதைப் படிக்கும் யாரிடமாவது எஸ்டிமேட் சீட்டும் கடையின் சொந்த அட்டையும் மட்டும் இருந்தால், இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் கல்லை ஒருமுறை சோதித்துவிடுங்கள். சீட்டை இன்றைக்கே நகல் எடுத்துக்கொள்ளுங்கள்; அது வெப்பத்தில் அச்சாகும் தாள். என்னுடைய சீட்டில் எடையும் விலையும் இருந்த வரிகள் ஆறாவது மாதத்திலேயே வெளுத்துவிட்டன.