முதுகைக் காட்ட வைத்த ஆல்பம்: பதினைந்து வருடங்களாக 'டியர் யூ'

அமெரிக்க பங்க் ராக் குழுவான ஜாபிரேக்கரின் 'டியர் யூ' ஆல்பத்தைப் பதினைந்து வருடங்களாகக் கேட்டுவருகிறேன். முதல் சில மாதங்கள் எனக்கு இது அறவே பிடிக்கவில்லை.

முந்தைய ஆல்பமான '24 அவர் ரிவெஞ்ச் தெரபி'யில் ஊறிய காது அது. அந்த ஆல்பத்தின் பெரும்பகுதியை ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி பதிவுசெய்தார். கரகரத்த குரலும் டிரம்ஸும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கேட்கும். பெரிய இசைக் கம்பெனிகளின் பக்கம் போகவே மாட்டோம் என்று சொல்லிவந்த அந்த சான்பிரான்சிஸ்கோ மூவர், அப்படியொரு பெரிய கம்பெனியான ஜெஃபனின் டிஜிசி நிறுவனத்தில் கையெழுத்திட்டு, 1995இல் இதை வெளியிட்டார்கள். தயாரித்தவர், கிரீன் டே என்ற பங்க் குழுவின் பிரபல ஆல்பமான 'டூக்கி'யைத் தயாரித்த ராப் கவாலோ. பழைய ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். கச்சேரியில் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்களும் உண்டு. விற்பனையும் சோபிக்கவில்லை, 1996இல் குழு கலைந்தது.

குரலை வழவழப்பாக்கிவிட்டார்கள் என்பதுதான் பெரிய புகார். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் பாடகர் பிளேக் ஷ்வார்ட்ஸென்பாக்கின் குரல்நாணில் இருந்த கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்தது ஒப்பந்தத்துக்கு முன்பே. முந்தைய ஆல்பத்தில் அதைப் பற்றி ஒரு பாட்டே இருக்கிறது. எத்தனையோ முறை கேட்டும் எனக்கு உறைக்கவில்லை! பழைய மாதிரியே கத்திக்கொண்டிருந்தால் தொண்டை போயிருக்கும்.

என்னை மாற்றியது 'ஆக்சிடென்ட் ப்ரோன்'. ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும். பங்க் கணக்கில் அது ஒரு நெடுங்கதை. நான் பளபளப்பு என்று ஒதுக்கிய அந்த அடுக்கு கிட்டார்கள்தான் இரவு ஹெட்போனில் கேட்கும்போது பாட்டைத் தூக்கி நிறுத்துகின்றன. விருந்து ஒன்றை நையாண்டி செய்யும் 'பேட் சீன், எவ்ரிஒன்ஸ் ஃபால்ட்' இன்றும் சிரிக்க வைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. கிறிஸ் பவர்மைஸ்டரின் பேஸ் கிட்டார், மற்ற கிட்டார்களுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. பதின்மூன்று பாட்டுகளில் இரண்டைக் குறைத்திருக்கலாம்; எந்த இரண்டு என்பது எனக்கு வருடத்துக்கு வருடம் மாறுகிறது.

என்னிடம் இருப்பது டிரம்ஸ் கலைஞர் ஆடம் ஃபாலர் தமது பிளாக்பால் நிறுவனத்தின் வழியாக 2004இல் கொண்டுவந்த மறுவெளியீடு. கூடுதல் பாட்டுகளும் உண்டு. 2017இல் குழு மீண்டும் சேர்ந்தது. 2022இல் இதே ஆல்பத்தைக் கொண்டாடச் சுற்றுப்பயணமும் போனது.

புதிதாகக் கேட்பவர்கள் அல்பினி ஆல்பத்தை முதலில் கேட்டுவிடாதீர்கள். நான் அந்த வரிசையில் கேட்டுத்தான் அத்தனை மாதங்களைத் தொலைத்தேன்.