மெடிக்கல் பில்லிங்: வன்னிப் பிள்ளைகள் எந்த வழியால் போவது?

இலங்கை அரச ஆஸ்பத்திரியில் பொதுவாக நோயாளிக்கு பில் இல்லை. ஆகவே கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்து மெடிக்கல் பில்லிங் படிக்கிற பிள்ளை, அமெரிக்க டொக்டர்களுக்காக அங்குள்ள காப்புறுதிக் கொம்பனிகளிடம் பணம் எடுத்துக் கொடுக்கும் வேலையைத்தான் படிக்கிறது. வவுனியா, யாழ்ப்பாணத் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் பில்லிங் கவுண்டர் உண்டு. காசு வாங்குவது, அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதிப் படிவத்துக்கு பற்றுச்சீட்டுகளை ஒழுங்குபடுத்துவது என்று அந்த வேலையை சில கிழமைகளில் அங்கேயே பழகிக்கொள்ளலாம். அதற்கென்று பெரிய தொகை கட்டிப் படிக்கத் தேவையில்லை.

அமெரிக்க வேலைக்கு நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, தனியார் குறுங்கால வகுப்பு. சென்னையில் இது பெரிய தொழில் என்பதால் தமிழில் ஒன்லைன் வகுப்புகள் நிறைய. காசு கட்டமுதல் பாடக்குறிப்பைக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் ஒவ்வொரு சிகிச்சையையும் நோயையும் ஒரு குறியீட்டால், அதாவது கோடால், எழுதுவார்கள். சிகிச்சைக்கான சிபிடி கோடுகள் ஒவ்வொரு ஜனவரி 1இலும், நோய்க்கான ஐசிடி-10-சிஎம் கோடுகள் ஒக்டோபர் 1இலும் மாறும். புது நோயாளியை டொக்டர் பார்த்ததற்கான 99201 என்ற கோடு 2021 ஜனவரியோடு நீக்கப்பட்டது. அதை இன்றும் நடைமுறைக் கோடாகப் படிப்பிக்கிற இடத்துக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். இப்படியான குறுங்கால வகுப்பு தருகிற சான்றிதழை வேலை கொடுப்பவர்கள் பெரிதாக எண்ணுவதுமில்லை.

இரண்டாவது, ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பு கோடு எழுதுவோருக்கு நடத்தும் சிபிசி பரீட்சை. 4 மணித்தியாலம், 100 கேள்வி, 70 சதவீதம் எடுத்தால் சித்தி. புத்தகம் திறந்து வைத்தே எழுதலாம். ஆனால் ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட வராது; எந்தப் பக்கத்தில் எது என்று கை பழகாதவர் நேரத்தில்தான் தோற்கிறார். வீட்டிலிருந்து எழுதினால் கமெரா வழியாகக் கண்காணிப்பார்கள். மின்வெட்டு வருகிற ஊரில் யூபிஎஸ்ஸும், இன்னொரு சிம்மில் மாற்று இணைய இணைப்பும் கட்டாயம். கட்டணம், அங்கத்துவம், மூன்று புத்தகம் எல்லாமே டொலரில். உயர்தரத்தில் உயிரியல் படித்தவருக்கு உடலமைப்பு தெரியும். தமிழ்மூலம் படித்திருந்தால் ஆங்கிலப் பெயர்களுக்கென்றே முதல் இரண்டு மாதத்தை ஒதுக்க வேண்டும்.

மூன்றாவது, பில்லிங் கொம்பனியில் பயிலுநராகச் சேர்வது. சம்பளம் குறைவு, ஆனால் தொழிலின் உள்நுணுக்கம் இங்கேதான் தெரியவரும். ஒரு பழைய நோயாளி சர்க்கரை வியாதிக்கு வந்து டொக்டரைப் பார்க்கிறார். அதே நாள் டொக்டர் அவருடைய முழங்கால் வலிக்கும் ஊசி போடுகிறார். பார்த்ததற்குக் கோடு 99213, மூட்டுக்குள் ஊசி போட்டதற்கு 20610. இரண்டையும் வெறுமனே அனுப்பினால் ஊசிக்குப் பணம் வரும், 99213 “சிஓ-97” என்ற மறுப்புக் குறியோடு திரும்பி வரும்: ஊசிக் கட்டணத்துக்குள் அது அடக்கம் என்று அர்த்தம். சர்க்கரைக்காகத் தனியே பரிசோதித்ததை டொக்டர் குறிப்பில் எழுதியிருந்தால் 99213உடன் 25 என்ற மொடிபயரை (கோடோடு ஒட்டும் துணைக்குறியை) சேர்த்துத் திருத்தி அனுப்ப வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால் சேர்க்கக்கூடாது, அது பொய் பில். இப்படி ஒரு மறுப்பை டொக்டரின் குறிப்பு வரை தேடிப்போய்த் தீர்க்கத் தெரிந்தவருக்குத்தான் வேலை நிலைக்கும். வெறும் பதிவு வேலையை மென்பொருள் எடுத்துக்கொண்டு வருகிறது. திகதியும் கவனம்: முதியோருக்கான அமெரிக்க அரச காப்புறுதியான மெடிகெயாருக்கு சிகிச்சை நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் பில் போகாவிட்டால் “சிஓ-29”, அதாவது காலம் கடந்துவிட்டது என்ற மறுப்பு, பெரும்பாலும் அந்தப் பணம் போனதுதான்.

சேரமுதல் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். ஏஆர் கோலிங் என்றால் வரவேண்டிய பணம் பற்றி காப்புறுதிக் கொம்பனியோடு போனில் கதைக்கும் வேலை. நியூயோர்க்கில் காலை 9 மணி என்பது எங்களுக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. விடியப்புறம் வேலை முடிந்து புதுக்குடியிருப்புக்கோ துணுக்காய்க்கோ எதில் வருவது? கொம்பனி வாகனம் விடுமா, தங்குமிடம் தருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கோடிங் (டொக்டர் குறிப்பைக் கோடாக மாற்றுவது), சார்ஜ் என்ட்ரி (கட்டணத்தைப் பதிவது), பேமன்ட் போஸ்டிங் (வந்த பணத்தைப் பதிவது) மூன்றையும் பகலிலும் செய்யலாம். இரவில் போய்வர முடியாத பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் சம்பளத்தைவிடப் பெரிது.

நான்காவது, தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ கணினித் துறையில் என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) மட்டம் 4. செலவு மிகக் குறைவு, சான்றிதழுக்கு அரச அங்கீகாரம் உண்டு. பில்லிங் இதில் வராது, இது அத்திவாரம் மட்டும்தான். டைப்பிங்கும் எக்செலும் வரும். ஆங்கிலம் பலவீனமான பிள்ளை இதைப் படித்தபடியே ஒரு வருடம் ஆங்கிலத்தில் மினக்கெடட்டும்.

எங்கள் கணிப்பில், வீட்டில் உடனே உழைப்புத் தேவையென்றால் மூன்றாவதில் தொடங்கி, சம்பளத்தில் சேர்த்த காசில் இரண்டாவதை எழுதுவதே நல்லது. உயிரியலும் ஆங்கிலமும் கைவசம் உள்ளவர் நேரே சிபிசிக்குப் போகலாம். அனுபவமில்லாமல் சித்தியடைந்தால் கிடைப்பது “சிபிசி-ஏ”, பயிலுநர் நிலை. அந்த “ஏ”யை நீக்கும் பிரதான வழி 2 வருட கோடிங் அனுபவம். அதற்கு மேலதிகாரியின் கடிதம் கேட்பார்கள். கொம்பனி மாறும்போது வாங்கிக்கொண்டு வெளிக்கிடுங்கள்.