ஜன்னல் கணக்கா, மாதக் கணக்கா? குமரியில் கண்ணாடி துடைக்கும் வேலைக்கு விலை வைப்பது

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணே, ஒரு ஜன்னலுக்கு எவ்வளவு கேக்கலாம்?" எவ்வளவு என்பது அப்புறம். நாளுக்குக் கேட்கப் போகிறோமா, ஜன்னலுக்கா, மாதத்துக்கா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மூன்று விதமாகவும் நான் வேலை பார்த்திருக்கிறேன், இப்போது பெரும்பாலும் மாதக் கணக்குதான். அதனால் கீழே எழுதியிருப்பதை நடுநிலையான அலசல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நாள் சம்பளத்தை இரண்டு வார்த்தையில் முடித்துவிடலாம். நம் மாவட்டத்தில் கொத்தனாருக்கு எவ்வளவு, கையாளுக்கு எவ்வளவு, பெயிண்டருக்கு எவ்வளவு என்று எல்லா வீட்டிலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நாமும் நாள் சம்பளம் என்று சொன்ன உடனே அந்த வரிசையில் கையாளுக்குக் கீழே நமக்கு ஒரு இடம் போட்டுவிடுவார்கள். வேலை சீக்கிரம் முடிந்தால் "அப்படியே அந்த ஃபேனையும் துடைச்சிரு மக்களே" என்று வரும், தாமதமானால் சிட் அவுட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மணி பார்ப்பார்கள். காசு போட்டு நல்ல வைப்பரும் நீட்டுக் கம்பும் வாங்கி வேகத்தைக் கூட்டினால் அந்த வேகத்தின் லாபம் முழுக்க வீட்டுக்காரருக்குப் போகும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நாள் சம்பளம் சரி: பால்காய்ப்புக்கு முந்தின புது வீடு. சிமென்ட் துளி எத்தனை, பெயிண்ட் எவ்வளவு தெறித்திருக்கிறது, ஸ்டிக்கர் பசை எப்படி இருக்கும் என்று பார்வையில் சொல்ல முடியாது. டஃபன்டு கண்ணாடியில், அதாவது சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடியில், பிளேடு போட்டால் கீறல் விழும் ஆபத்து வேறு. அங்கே எண்ணிக்கை சொல்லி மாட்டிக்கொள்ளாமல் நாளுக்கு இவ்வளவு என்று பேசிவிடுவதே நல்லது.

அடுத்தது ஜன்னல் கணக்கு. கடைகளுக்குச் சதுர அடி, வீடுகளுக்கு எண்ணிக்கை, இரண்டும் ஒரே வகைதான். இதில் நியாயம் இருக்கிறது, பேச்சு சுருக்கம், வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் விலை சொல்லிவிடலாம். நாகர்கோவிலில் செட்டிகுளம், வடசேரி பக்கம் இருக்கிற கிளினிக், சிறிய ஷோரூம் எல்லாம் இப்படித்தான் கேட்பார்கள். கோயில் திருவிழா, சர்ச் பெருவிழா, கல்யாணம், கிறிஸ்துமஸ் என்று வருகிற ஒரு தடவை வேலைக்கும் இதுதான் பொருத்தம். வேலை தெரிந்தவனுக்கு வேகமும் காசாகும்.

ஆனாலும் நான் அதை விட்டு மாறியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. இடைவெளி. கடைசியாக எப்போது துடைத்தது என்பதுதான் நம் வேலையின் அளவைத் தீர்மானிக்கிறது. ஜன்னலின் அகலமும் உயரமும் அதற்குப் பிறகுதான். ஜன்னல் கணக்கில் அந்த இடைவெளி வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. அவர் எப்போது கூப்பிடுவார்? கண்ணுக்கே பொறுக்காமல் போன பிறகு. அதாவது, ஒரே விலைக்கு, எப்போதும் மிகக் கடினமான நாளில்தான் நாம் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்கிறோம்.

கடற்கரைப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இது விளக்கமே வேண்டாம். முட்டத்திலோ குளச்சலிலோ கடலைப் பார்த்த ஜன்னலில் சாயங்காலம் விரல் வைத்துப் பாருங்கள், பிசுபிசுவென்று ஒட்டும். மறுநாள் நல்ல வெயிலில் அதே இடம் வெள்ளைப் பொடியாகக் காய்ந்திருக்கும். உப்பு ஈரக் காற்றில் தண்ணீரை இழுத்துக் கரைகிறது, வெயிலில் மறுபடி உறைகிறது, அந்த ஈரத்தில் வந்து விழுகிற மண்ணும் தூசியும் அதோடு சேர்ந்தே இறுகுகிறது. ஆனி ஆடிக் காற்றில் கேட்கவே வேண்டாம், மேற்குக் கரையில் அலைத் துளியே நேராக வந்து அடிக்கும். இதில் வேலைக்காரப் பெண் ஆழ்குழாய்த் தண்ணீரை ஹோஸில் அடித்துவிட்டுத் துடைக்காமல் போயிருப்பார், அந்தச் சுண்ணாம்புக் கறை ஒரு அடுக்கு. இரண்டு வாரமோ ஒரு மாதமோ ஆன கண்ணாடி என்றால் முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவி விடுவது, சோப்புத் தண்ணீரில் ஒரு தேய்ப்பு, மேலிருந்து கீழே வைப்பர், ஓரத்தில் துணி, முடிந்தது. ஆறு மாதம் ஆனதென்றால் வினிகர் நனைத்த துணியை ஒட்டிவைத்துக் காத்திருந்து, தேய்த்து, மறுபடி ஊறவைத்து, டிராக்கில் கல்லாகிப் போன உப்பு மண்ணைப் பிரஷ்ஷால் கிளறி எடுத்து, ஸ்லைடிங் கதவைத் தூக்கிக் கழற்ற முடியாமல் ரோலர் இறுகியிருந்தால் அதோடு மல்லுக்கட்டி, ஒரு ஜன்னலிலேயே அரை மணி நேரம் போகும். இவ்வளவு செய்தும் சில கறை போகாது, ரொம்ப நாள் கிடந்தால் அது கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்துவிட்டிருக்கும், அதற்குத் திட்டு நமக்கு.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். 20 ஜன்னல் உள்ள வீடு, ஜன்னலுக்கு 80 ரூபாய், ஆக 1,600. வருடத்துக்கு இரண்டு தடவை கூப்பிடுகிறார், 3,200. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேருக்கு முழு நாள். அதே வீடு மாதம் ஒரு தடவை, 700 ரூபாய் என்று பேசினால் வருடத்துக்கு 8,400. ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பக்கத்துத் தெருவில் இன்னும் மூன்று வீடு இப்படிச் சேர்ந்தால் இரண்டு பேர் ஒரு நாளில் 2,800 ரூபாய்க்கு வேலை பார்க்கிறார்கள், பெட்ரோலும் ஒரே செலவு. ஜன்னலுக்கு விலை பாதிக்கும் கீழே போய்விட்டது, நம் நாள் வருமானம் ஏறிவிட்டது. விலையைக் கூட்டிக் கேட்டுத்தான் அதிகம் சம்பாதிக்க முடியும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்.

சரி, வீட்டுக்காரர் 3,200 கொடுத்த இடத்தில் 8,400 ஏன் கொடுக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இல்லாத இடத்தில் மாதக் கணக்கைத் தள்ளக் கூடாது. தக்கலை, திங்கள்சந்தை போல கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற வீட்டுக்கு மாதாமாதம் தேவையே கிடையாது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும் என்று நானே சொல்லிவிடுவேன். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் கணவாய்க் காற்று அள்ளிக் கொண்டுவருவது தூசி, அது ஒரே கழுவில் போகிற சங்கதி. கடலை ஒட்டிய வீட்டுக்கு மட்டும்தான் பதில் பலமாக இருக்கிறது. உப்பு கண்ணாடியோடு நிற்காது, அலுமினிய ஃபிரேமில் வெள்ளையாகப் பூத்துக் குழி விழ வைக்கும், பால்கனியின் ஸ்டீல் கைப்பிடியில் டீக்கறை மாதிரி துரு இறங்கும், பூட்டும் ரோலரும் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவினாலே இதில் பாதி தள்ளிப்போகும். திருவள்ளுவர் சிலைக்கே சில வருடத்துக்கு ஒரு தடவை காகிதக் கூழ் ஒட்டி உப்பை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் சிலிக்கான் பூச்சு அடிக்கிறார்கள். "133 அடிக் கருங்கல்லுக்கே அந்தக் கவனிப்பு வேண்டியிருக்கு, உங்க அலுமினியம் எம்மாத்திரம் சார்" என்று நான் சொல்வது வியாபாரப் பேச்சுதான், ஆனால் பொய் இல்லை.

இங்கே விலை வைப்பதும் ஆள் பிடிப்பதும் ஒன்றாகிவிடுகிறது. கண்ணாடி சுத்தமாக இருந்தால் யாருக்குக் காசு வருகிறது என்று பார்த்தால் நல்ல விலை தருகிறவர் யார் என்பதும் தெரிந்துவிடும். கன்னியாகுமரியில் கடல் தெரிகிற அறைக்கு ஒரு வாடகை, தெரியாத அறைக்கு ஒரு வாடகை. அந்த வித்தியாசம் முழுக்க அந்த ஒரு கண்ணாடியில்தான் நிற்கிறது. விடியற்காலையில் எழுந்து சூரிய உதயத்தை ஜன்னல் வழியாகவே போட்டோ எடுக்கிற விருந்தினருக்கு, குறுக்கே உப்புக் கோடு தெரிந்தால் அது நேராக கூகுள் ரிவ்யூவில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் சிறிய லாட்ஜ், ஹோம்ஸ்டே உரிமையாளரிடம் முழுக் கட்டடத்துக்கும் விலை சொல்வதில்லை. கடல் பார்த்த அறைக் கண்ணாடி மட்டும், அறைக்கு மாதம் இவ்வளவு, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. மொத்தத் தொகை சின்னதாகத் தெரியும், உடனே சரி என்பார்கள். கார்த்திகை தொடங்கி தை வரை ஐயப்ப சீசன், சித்ரா பௌர்ணமிக்குச் சூரியன் மறைவதும் நிலா உதிப்பதும் சேர்ந்து பார்க்க வருகிற கூட்டம், இதற்கெல்லாம் முந்தின வாரம் கூடுதலாக ஒரு தடவை என்று எழுதிக்கொண்டால் அதற்குத் தனிக் காசும் மறுக்காமல் கிடைக்கும்.

பெரிய ஹோட்டல் என்றால் பெயருக்குப் பெருமைதான், பணம் வருவது தாமதம். ஒரு இடத்தில் பில் கொடுத்துவிட்டு ஒவ்வொரு வாரமும் "அக்கவுண்டன்ட் லீவு" என்ற பதிலையே வாங்கிக்கொண்டு திரும்பினேன். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், அதைப் போட்டுவிடுங்கள். சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தம் எழுதியிருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், எழுதவில்லை என்றால் 15 நாளிலும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அப்படிக் கொடுக்காமல் இழுத்தால் பணம் கொடுக்கும் வரை அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. ஆடிட்டர் வைத்திருக்கிற இடத்தில் இதை மெதுவாக ஞாபகப்படுத்தினால் வேலை செய்கிறது. சின்ன லாட்ஜில் வேலை செய்யாது, அங்கே மாதம் பிறந்ததும் முன்பணம் என்பதே வழி. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரை சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் சில பெரிய இடங்களில் அந்த எண் இல்லாவிட்டால் உள்ளேயே விடமாட்டார்கள்.

என் அனுபவத்தில் மிகவும் ஒழுங்காகப் பணம் வருவது வளைகுடாவில் இருக்கிறவர்கள் கட்டிப் போட்டிருக்கிற வீடுகளில். வீட்டில் வயதான அம்மா அப்பா மட்டும் இருப்பார்கள், அல்லது பூட்டிக் கிடக்கும், சாவி சொந்தக்காரர் கையில். மகனிடம் நேராகப் பேசி, மூன்று மாதப் பணம் முன்னால் வாங்கி, வேலை முடிந்ததும் ஒரு வீடியோ எடுத்து அனுப்பிவிட வேண்டும். வீடியோவில் ஜன்னலோடு சேர்ந்து வீடும் தெரியும், மாடியில் ஒழுகுகிறதா, தென்னை மட்டை விழுந்து ஓடு உடைந்திருக்கிறதா என்று அவரும் பார்த்துக்கொள்வார். அதற்கும் சேர்த்துத்தான் காசு தருகிறார் என்று தோன்றுகிறது. அதே சமயம் அம்மாவிடம் ஒரு பேச்சு, மகனிடம் ஒரு பேச்சு வைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டு பேரும் தினமும் போனில் பேசுகிறவர்கள்.

மாதக் கணக்குப் பேசும்போது முதல் சுத்தத்துக்குத் தனி விலை வாங்க மறக்கக் கூடாது, அது ஜன்னல் கணக்கில், முழு விலைக்கு. ஆறு மாத அழுக்கை 700 ரூபாய்க்கு எடுத்துக் கொடுத்துவிட்டால், அடுத்த மாதம் "இப்ப வேண்டாம், பாத்துச் சொல்றேன்" என்று அவர் நின்றுவிட்டால் அவ்வளவுதான். ஏற்கெனவே இருக்கிற கீறலையும் கறையையும் அன்றைக்கே போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். மழையில் போக முடியாத தடவைக்கு மாற்று நாள் உண்டா என்பதும் எழுத்தில் இருக்கட்டும், நமக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம்.

உயரத்தைப் பற்றி நான் அதிகம் பேச ஆள் இல்லை. இரண்டாவது மாடி வரை, அதுவும் ஸ்லைடிங்கைத் தூக்கிக் கழற்றி உள்ளே வைத்துத் துடைக்கிற மாதிரி இருந்தால்தான் எடுப்பேன், கயிறு கட்டி இறங்குகிற வேலை வேறு தொழில், அதற்கு வேறு பயிற்சியும் காப்பீடும் வேண்டும், விலையும் வேறு. மலையோரம், குலசேகரம் திற்பரப்பு பக்கம் ரப்பர் தோட்டத்து வீடுகளில் உப்புக்குப் பதில் பாசிதான் தொல்லை. அங்கே கொஞ்சம்தான் வேலை பார்த்திருக்கிறேன், அந்த வீடுகளுக்கு மாதக் கணக்கு எடுபடுமா என்று உறுதியாகச் சொல்ல வரவில்லை, இப்போதைக்கு ஜன்னல் கணக்கிலேயே போய்க்கொண்டிருக்கிறேன்.