பி-17ஆ, பி-25ஆ: போர்க்காலக் குண்டுவீச்சு விமானத்தில் பறக்க எதைத் தேர்ந்தெடுப்பது?

அரிசோனாவின் மேசா நகரில் உள்ள ஃபால்கன் ஃபீல்ட் விமானநிலையத்தில், கமெமரேட்டிவ் ஏர் ஃபோர்ஸ் அமைப்பின் அரிசோனா கிளை இரண்டாம் உலகப் போர்க்காலக் குண்டுவீச்சு விமானங்கள் இரண்டைப் பறக்கும் நிலையில் பராமரித்து வருகிறது. ஒன்று ‘சென்டிமென்டல் ஜர்னி’ என்ற பி-17. மற்றொன்று ‘மெய்ட் இன் த ஷேட்’ என்ற பி-25. கட்டணம் செலுத்தினால் இரண்டிலும் பறக்கலாம். பல ஆண்டுகளாக அவ்வூருக்கு அருகில் வசிக்கும் நானும் என் மனைவியும், சென்ற குளிர்காலத்தில் ஏதேனும் ஒன்றில் பறப்பது என்று முடிவு செய்து, பி-25-ஐத் தேர்ந்தெடுத்தோம். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை இதே தயக்கத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தோற்றத்திலும் புகழிலும் பி-17-க்கு நிகரில்லை. நான்கு இன்ஜின்கள், ஏறத்தாழ 104 அடி இறக்கை அகலம், போர்க்காலத்தில் பத்துப் பேர் பணியாற்றிய உடற்பகுதி. பறக்கும்போது இருக்கையை விட்டு எழுந்து, குண்டறையின் நடுவே உள்ள குறுகிய நடைபலகை வழியாக உள்ளே நடமாட இடம் உண்டு. பி-25-இன் இறக்கை 68 அடிக்கும் குறைவு. குண்டறை அதன் உடலை இரண்டாகப் பிரித்துவிடுவதால், முன்பகுதியில் அமர்ந்தவர் முன்பகுதியோடும் பின்பகுதியில் அமர்ந்தவர் பின்பகுதியோடும் நின்றுவிட வேண்டியதுதான். கட்டணம் பி-25-இல் சற்றுக் குறைவு. பறக்கும் நேரம் இரண்டிலும் அரை மணிக்கு உட்பட்டதே.

வரலாற்றை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், மேசாவில் உள்ள இவ்விரண்டில் போரைக் கண்டது சிறிய விமானமே. பி-17 போர் முடியும் தறுவாயில் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. பிற்காலத்தில் பல ஆண்டுகள் காட்டுத்தீயை அணைக்கப் பயன்பட்டது. பி-25-ஓ 1944 நவம்பர், டிசம்பர் மாதங்களில் கோர்சிகா தீவின் செராஜியா தளத்திலிருந்து 15 தாக்குதல்களுக்குச் சென்று திரும்பியது. இது எனக்கு முக்கியமாகப் பட்டதாயினும், முடிவைத் தீர்மானித்தது இது அன்று. தீர்மானித்தது பராமரிப்பு.

இத்தகைய பயணங்களை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு சிறப்பு விலக்கின் கீழ்தான் அனுமதிக்கிறது. பயணிகள் விமானங்களுக்குரிய பாதுகாப்புத் தரத்தை இவை எட்டுவதில்லை என்பதை ஏறுபவரிடம் முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும். எனவே, 80 ஆண்டுகள் பழைய இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் கைகள் எத்தகையவை என்பதுதான் பயணியின் பாதுகாப்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

2019 அக்டோபர் 2 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் பிராட்லி விமானநிலையத்தில் ‘நைன்-ஓ-நைன்’ என்ற பி-17 பயணிகளுடன் புறப்பட்ட சில நிமிடங்களில் விழுந்து நொறுங்கியது. விமானிகள் இருவரும் பயணிகள் ஐவரும் இறந்தனர். விசாரணை அறிக்கையைப் படித்தபோது என்னை உறைய வைத்தவை மிகச் சிறிய பொருள்கள். இன்ஜினின் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தந்து எரிபொருளைப் பற்றவைக்கச் செய்யும் சிறு கருவி மேக்னெட்டோ. நான்காவது இன்ஜினின் இரண்டு மேக்னெட்டோக்களிலும் பழுது. மூன்றாவது இன்ஜினின் ஸ்பார்க் பிளக்குகளில் இடைவெளி அளவு மீறி, கரியும் படிந்திருந்தது. விமானி வேகத்தையும் சக்கரங்களையும் கையாண்ட விதமே முதன்மைக் காரணம் என்று கூறிய விசாரணையாளர்கள், போதாத பராமரிப்பைத் துணைக்காரணமாகச் சேர்த்தனர்.

அதன்பின் நான் எண்ணத் தொடங்கினேன். பி-17-இன் ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒன்பது சிலிண்டர்கள், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக்குகள். ஆக நான்கு இன்ஜின்களுக்கு 72 பிளக்குகளும் எட்டு மேக்னெட்டோக்களும். பி-25-இல் இன்ஜினுக்குப் பதினான்கு சிலிண்டர்கள். இரண்டுக்குமாக 56 பிளக்குகள், நான்கு மேக்னெட்டோக்கள். ஸ்பேனரைக் கையில் பிடிப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். அவர்களுடைய சனிக்கிழமைகளுக்கு எல்லை உண்டு. அதே உழைப்பு எட்டு மேக்னெட்டோக்களுக்குப் பதிலாக நான்கின் மீது செலவாகும் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இன்ஜினைக் கழற்றி மாற்றிவிடலாம். இறக்கையைத் தாங்கும் உத்தரமான ‘ஸ்பார்’ அவ்வாறு அன்று. 2021-இல் விஸ்கான்சினைச் சேர்ந்த அமைப்பு ஒன்றின் ‘அலுமினம் ஓவர்காஸ்ட்’ என்ற பி-17, இறக்கை இணைப்பில் கோளாறு கண்டறியப்பட்டு, சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. 2023-இல் எல்லா பி-17 விமானங்களிலும் இறக்கை ஸ்பாரின் இணைப்புகளில் விரிசலும் அரிப்பும் உள்ளனவா என்று சோதிக்குமாறு அரசு ஆணையிட்டது. இப்படிச் சோதிப்பது அந்த விமானங்களுக்கு நல்லதே. எனினும், சோதனை முடியும் நாளுக்காகவும், கோளாறு தெரிந்தால் பழுதுபார்ப்பு முடியும் ஆண்டுக்காகவும் காத்திருக்க வேண்டியவர் முன்பதிவு செய்தவரே.

இங்கே என் கணக்கின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். நான்கில் ஒன்று நின்றால் முக்கால் பங்கு ஆற்றல் எஞ்சும். இரண்டில் ஒன்று நின்றால் பாதிதான் எஞ்சும். அதிலும் பி-25 புறப்பட்ட முதல் சில நொடிகளில், போதிய வேகத்தை எட்டுவதற்கு முன் ஓர் இன்ஜின் நின்றுவிட்டால், விமானத்தை நேராக வைத்திருப்பது கடினம். நான் விமானப் பொறியாளன் அல்லன். பிளக்குகளை எண்ணிப் பார்த்து ஆபத்தை அளந்துவிட்டதாகக் கூறமாட்டேன். மேசா விமானங்களைப் பராமரிக்கும் அதே கமெமரேட்டிவ் ஏர் ஃபோர்ஸ் அமைப்பின் மற்றொரு பி-17, 2022 நவம்பரில் டல்லஸ் விமானக் காட்சியில் ஒரு போர் விமானத்துடன் வானில் மோதி ஆறு பேர் இறந்ததையும் மறக்கவில்லை. அது இன்ஜின் பராமரிப்பால் தவிர்த்திருக்கக்கூடிய விபத்தன்று.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. கனடாவின் ஹாமில்டன் நகர அருங்காட்சியகம் ஒன்று, இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டரில் பொதுமக்களை ஏற்றிச் செல்கிறது. உலகில் பறக்கும் லங்காஸ்டர்கள் இரண்டே. பிரிட்டனில் உள்ளது விமானப்படைக்குரியது என்பதால் அதில் கட்டணம் செலுத்தி ஏற இயலாது. ஹாமில்டன் விமானம், தீப்பிடித்த விமானத்தின் வால் கூண்டில் சிக்கிய தோழரை மீட்க முயன்று உயிர்துறந்த கனடிய விமானப்படை வீரர் ஆண்ட்ரூ மினார்ஸ்கியின் நினைவைத் தாங்குகிறது. அதன் கட்டணம் மேசா விமானங்களைவிடப் பன்மடங்கு. அங்கு நான் பறந்ததில்லை. ஆகவே அதைப் பற்றி இதற்கு மேல் தீர்ப்புச் சொல்வது முறையன்று.

பி-25 என்று முடிவு செய்தவர்களுக்கு, இரைச்சலைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று. அதன் புகைபோக்கிக் குழாய்கள் குட்டையானவை. இன்ஜின்களும் விமானி அறைக்கு மிக அருகில் உள்ளன. காதடைப்பான்களை அணிந்த பிறகும் ஒலியை நெஞ்செலும்பில் உணர்ந்தோம். பின்பகுதி இருக்கைகளுக்கு அருகே பக்கவாட்டுத் துப்பாக்கிச் சன்னல்கள் உள்ளன. தரையைப் பார்க்க விரும்புவோருக்கு அவையே ஏற்றவை. நாங்கள் விமானிகளுக்குப் பின்னால் உள்ள முன்பகுதி இருக்கைகளைக் கேட்டுப் பெற்றோம்.

காரணம் ஓடுதளத்தின் முனையில் விளங்கியது. புறப்படுவதற்கு முன் இன்ஜினின் வேகத்தைக் கூட்டி, ஒரு மேக்னெட்டோவை அணைத்து, மற்றது மட்டும் இயங்கும்போது சுழற்சி எவ்வளவு குறைகிறது என்று விமானி பார்த்தார். பிறகு மாற்றிப் பார்த்தார். அதன்பின் அடுத்த இன்ஜின். சுழற்சியைக் காட்டும் முள் சற்றே இறங்கி, மீண்டும் தன் இடத்திற்கு ஏறுவதை நான்கு முறையும் எங்கள் கண்களால் பார்த்த பிறகே விமானம் ஓடுதளத்தில் திரும்பியது.