மாவிலிருந்து குருணைக்கு: திரட்டிய ப்ரீமிக்ஸ் பொடியுடன் என் அனுபவம்

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் வழியில் சிறிய தங்கும் விடுதி ஒன்றை நடத்தி வருகிறேன். லாரி ஓட்டுநர்கள் நள்ளிரவிலும் வந்திறங்கும் இடம் என்பதால், 2018ஆம் ஆண்டு வரவேற்பறையில் டீ, காபி வெண்டிங் மெஷின் ஒன்றை வைத்தேன். முதல் இரண்டு ஆண்டுகள், பால்பொடியும் சர்க்கரையும் டீ அல்லது காபிப் பொடியும் முன்பே கலந்து வரும் ப்ரீமிக்ஸில், மைதாவைப் போல மென்மையாக இருக்கும் சாதாரணப் பொடியையே பயன்படுத்தினேன். அதன் பிறகு இன்றுவரை, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் குருணையாக்கிய பொடியை, அதாவது அக்ளோமரேஷன் என்னும் திரட்டல் முறையில் தயாரானதை வாங்குகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே பொடிதான். ஆனால் தினமும் அந்த மெஷினைத் திறந்து கழுவுகிறவனுக்கு அவை இரண்டு வெவ்வேறு பொருள்கள்.

மெஷினின் அமைப்பைச் சொன்னால்தான் வேறுபாடு விளங்கும். பொடி நிரப்பிய டப்பாவின் அடியில் ஒரு திருகு இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் அது குறிப்பிட்ட விநாடிகள் சுழன்று பொடியைக் கீழேயுள்ள கலக்கும் கிண்ணத்தில் தள்ள, வெந்நீரும் அங்கே வந்து சேர்ந்து, கலவை கோப்பையில் இறங்குகிறது. அந்தக் கிண்ணத்திலிருந்து எழும் ஆவி நேராகப் பொடி விழும் வாய்க்குத்தான் போகும். பால்பொடியிலுள்ள லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை படிகமாகாத நிலையில் இருப்பதால் ஈரத்தை விரைவாக இழுத்துப் பிசுபிசுக்கும். துகள் எவ்வளவு நுண்ணியதோ, அவ்வளவுக்கு அவை ஒன்றையொன்று தொடும் இடங்கள் கூடி, பிசுபிசுப்பு வெகு சீக்கிரம் கட்டியாக இறுகும். பழைய பொடியைப் பயன்படுத்திய காலத்தில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில், அந்த வாயில் பழுப்பு நிறப் பசை படிந்து ஒரே நாளில் இரண்டு முறைகூட அடைத்துக்கொள்ளும். நீளமான கரண்டிக் காம்பால் அதைச் சுரண்டி எடுப்பது என் காலைக் கடமையாகவே இருந்தது.

குருணைப் பொடிக்கு மாறியபின் வாய் அடைப்பது அறவே நின்றுவிடவில்லை. மழைக்காலத்தில் நாளுக்கு இருமுறை என்றிருந்தது வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைந்தது. அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

கோப்பையில் தெரிந்த மாற்றம் கட்டியைப் பற்றியது. கேழ்வரகு மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும்: வெளிப்புறம் நனைந்து பசையாகி, உள்ளே நீர் புகாமல் வழியை அடைத்துவிடும், உடைத்துப் பார்த்தால் நடுவில் உலர்ந்த மாவு அப்படியே இருக்கும். நுண்ணிய பால்பொடியிலும் நடப்பது அதுதான். குருணைக்குள்ளோ துகள்களுக்கிடையே இடைவெளிகள் இருக்கின்றன. நீர் அவற்றின் வழியே உள்ளே இழுக்கப்பட்டு, குருணை கனத்து மூழ்கி, அதன்பின் துகள்துகளாகப் பிரிகிறது. கொழுப்பு நீக்காத பால்பொடிக்கு இது மட்டும் போதாது. துகளின் மேற்பரப்பிலுள்ள கொழுப்பு நீரை விலக்கும் என்பதால், கொழுப்பையும் நீரையும் சேரவைக்கும் லெசித்தின் என்னும் பொருளைக் குறைந்த அளவு பூசுகிறார்கள். பாக்கெட்டின் பின்புறம் எமல்சிஃபையர் 322 என்று அச்சிட்டிருந்தால் அது இதுவே. ஒரு டம்ளர் குளிர்ந்த நீரில் இரண்டு பொடிகளையும் ஒவ்வொரு கரண்டி தூவிப் பார்த்தேன். பழையது இரண்டு நிமிடம் கழிந்தும் மேலே தீவு போல மிதந்தது. புதியது பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் இறங்கிவிட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். திரட்டல் பொடியை விரைவாக நனைய வைக்கிறது. கரையாததைக் கரைய வைப்பதில்லை. உலர்த்தும்போது அதிக வெப்பம் பட்டுப் புரதம் கெட்ட பொடியையோ, நெடுநாள் கிடந்த பொடியையோ எவ்வளவு அழகாகக் குருணையாக்கினாலும் கோப்பையின் அடியில் மணல் போன்ற வண்டல் நிற்கும். அப்படி ஒரு பெட்டி எனக்கு வந்தது. விற்பனையாளர் என் மெஷினில்தான் குறை என்றார். வெந்நீரில் கையாலேயே கலக்கி, துணியில் வடிகட்டி, தங்கிய வண்டலைக் காட்டிய பிறகுதான் மாற்றித் தந்தார்.

மாறிய முதல் வாரத்தில் நான் செய்த தவறு பிறருக்கும் நேரக்கூடியது. பல ஆண்டுகளாக வரும் ஓட்டுநர் ஒருவர், "அண்ணாச்சி, என்ன டீ தண்ணியா இருக்கு?" என்று கோப்பையை நீட்டினார். பொடி மட்டம் என்று நினைத்துக் கோபப்பட்டேன். பிறகு 100 மில்லி அளவுக் கோப்பையில் இரண்டையும் தட்டாமல் நிரப்பித் தராசில் வைத்தபோது, பழையது 58 கிராம், புதியது 46 கிராம் இருந்தது. குருணைக்குள்ளும் குருணைகளுக்கு இடையிலும் காற்று இருப்பதால் அதே இடத்தில் குறைவான எடையே அடங்குகிறது. திருகோ எடையை அறியாது, கொள்ளளவை மட்டுமே அறியும். 13 கிராம் விழ வேண்டிய இடத்தில் பத்தரைக்கும் குறைவாகவே விழுந்திருக்கிறது. இரண்டு விநாடியாக இருந்த சுழற்சியை இரண்டரையாக மாற்றியதும் டீ சரியானது. வீட்டில் கரண்டிக் கணக்கில் கலப்பவர்களும் பொடியை மாற்றும்போது ஒருமுறையேனும் எடை போட்டுப் பார்ப்பது நல்லது.

நான் எதிர்பாராத நன்மை இனிப்பில் கிடைத்தது. பழைய கலவையில் சர்க்கரை தனிப் படிகமாகவும் பால்பொடி தூளாகவும் இருந்தன. மெஷின் அதிர அதிரத் தூள் அடியில் இறங்க, படிகம் மேலே நிற்கும். அதனால் டப்பா நிரப்பியதும் வரும் கோப்பைகளில் பால் தூக்கலாகவும், காலியாகும் வேளையில் இனிப்பு தூக்கலாகவும் இருக்கும். இப்போது நான் வாங்கும் பொடியில் எல்லாவற்றையும் கலந்தபின் ஒன்றாகத் திரட்டியிருப்பதால், முதல் கோப்பையும் கடைசிக் கோப்பையும் ஒரே சுவையில் வருகின்றன. டப்பாவைத் திறந்து நிரப்பும்போது மூக்கில் ஏறும் தூசியும் குறைந்தது; இது என் தும்மலுக்குப் பேருதவி.

குறைகளும் உண்டு. விலை கிலோவுக்குக் கூடுதல். குருணை எளிதில் உடையும்: லாரியிலிருந்து வீசி இறக்கிய பெட்டியில் ஒவ்வொரு பாக்கெட்டின் அடியிலும் தூள் சேர்ந்திருக்கும், அந்தக் கடைசி இரண்டு கைப்பிடி பழைய பொடியைப் போலவே மிதக்கும். ஈரத்தில் இறுகிய கட்டியையும் குருணை என்று சிலர் விற்றுவிடுகிறார்கள். விரலிடையில் வைத்து அழுத்தினால் தெரிந்துவிடும்: திரட்டிய குருணை மெல்ல நொறுங்கும், இறுகிய கட்டி கல்லைப் போல உறுத்தும்.

விடுதியின் சமையலறையில் பாயசத்துக்கு மட்டும் இன்றும் சாதாரணப் பால்பொடியே வாங்குகிறேன். அங்கே அதைக் கொஞ்சம் பச்சைத்தண்ணீரில் குழைத்துக் கொண்டுதான் பாலில் ஊற்றுகிறோம். குருணைக்கான கூடுதல் விலைக்கு அங்கே வேலையில்லை.