சான்சா கிளிப் பிளஸ்: கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லையா? முதலில் கேபிளை மாற்றுங்கள்

2009-இல் சான்டிஸ்க் கொண்டுவந்த சான்சா கிளிப் பிளஸ் என்ற சின்ன எம்பி3 பிளேயர் இன்று செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். பாட்டு கேட்க மட்டும் ஒரு கருவி வேண்டும் என்பவர்களுக்கு இப்போதும் தாராளமாகச் சொல்லலாம். எஃப்எம் உண்டு, எம்பி3யோடு, ஒலித் தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் கோப்புகளும் ஓடும், 32 ஜிபி வரை மைக்ரோ எஸ்டி கார்டு போடலாம். ஒலி அருமை. கச்சேரிப் பதிவுகளில் மிருதங்கம் உரக்க வாசிக்கும்போதும் தம்பூரா சுருதி அமுங்குவதில்லை.

இதைப் பற்றி வரும் பெரிய புகார் ஒன்றுதான்: சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கம்ப்யூட்டரில் டிரைவ் தெரியவில்லை. உடனே பிளேயர் போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் கேபிள்தான் காரணம். யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும்: மின்சாரத்துக்குச் சிவப்பும் கறுப்பும், டேட்டாவுக்குப் பச்சையும் வெள்ளையும். மலிவான சார்ஜிங் கேபிள்களில் பின்னிரண்டும் இருக்காது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் வெறுமனே ‘யூஎஸ்பி கேபிள்’ என்று கேட்டால் டைப் சி-யோ மைக்ரோவோ எடுத்து நீட்டுவார்கள். ‘மினி யூஎஸ்பி, அஞ்சு பின், பழைய கேமராவுக்குப் போடுறது, டேட்டா போகணும்’ என்று விளக்கமாகக் கேளுங்கள். ஹப் வழியாக வேண்டாம். டெஸ்க்டாப் என்றால் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகுங்கள்.

கேபிள் சரியாக இருந்தும் வரவில்லையா? மைக்ரோ எஸ்டி கார்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். கார்டு கெட்டிருந்தால் பாட்டுப் பட்டியலைப் புதுப்பிக்கும் இடத்திலேயே பிளேயர் சிக்கி நிற்கும். பிறகு பவர் பட்டனை 20 விநாடி அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி ஆன் செய்யுங்கள்.

அடுத்து செட்டிங்ஸில் சிஸ்டம் செட்டிங்ஸ், அதற்குள் யூஎஸ்பி மோட். பிளேயர் கம்ப்யூட்டருடன் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கான எம்எஸ்சி, எம்டிபி என்ற இரண்டு முறைகள் அங்கே இருக்கும். ‘ஆட்டோ’வை விட்டு எம்எஸ்சி-க்கு மாற்றுங்கள். பென் டிரைவ் மாதிரி திறக்கும். எம்டிபி-யில் இருந்தால் மேக் தானாக அடையாளம் காணாது; விண்டோஸின் ‘என்’ பதிப்புகளில் மீடியா ஃபீச்சர் பேக் தனியாகப் போட வேண்டும். ஒன்று கவனம்: எம்டிபி-யில் ஏற்றிய பாட்டுகள் எம்எஸ்சி-யில் கண்ணுக்குத் தெரியாது. அழிந்துவிட்டன என்று பயந்து ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.

விண்டோஸில் செருகும் சத்தம் கேட்டும் டிரைவ் காணோம் என்றால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிரைவ் எழுத்து கொடுத்துப் பாருங்கள்.

சென்னையின் உப்புக் காற்றில் மினி யூஎஸ்பி வாயின் பின்களில் பச்சை பூக்கும். பிளேயரை அணைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள். பிளக்கை லேசாக அசைக்கும்போது மட்டும் டிரைவ் வந்து வந்து போனால் போர்ட்டின் சால்டர் விட்டிருக்கிறது. மொபைல் சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்து டேட்டா பின்கள் இரண்டையும் மறுபடி பற்றவைக்கச் சொல்லுங்கள். சர்க்யூட் போர்டை மாற்றத் தேவையில்லை.