டைக்ரோஸ்கோப்: மாணிக்கமா கண்ணாடியா என்று சொல்லும், அசலா என்று சொல்லாது

ராசிக்கல் வியாபாரத்தில் இருப்பவர்கள் லென்ஸுக்கு அடுத்து வாங்க வேண்டியது கால்சைட் டைக்ரோஸ்கோப்தான். விரல் நீள உலோகக் குழாய், அவ்வளவுதான். ஒரு முனையில் கல்லைப் பிடித்து மறுமுனையில் கண்ணை ஒட்டினால் இரண்டு சதுரங்கள் அருகருகே தெரியும். கல்லுக்குள் இரண்டாகப் பிரியும் ஒளியை, குழாய்க்குள் இருக்கும் கால்சைட் என்ற படிகம் தனித்தனியாகக் காட்டுகிறது. மாணிக்கம் என்றால் ஒரு சதுரம் ஆரஞ்சு கலந்த சிவப்பு, மற்றது ஊதா கலந்த சிவப்பு. அதே சிவப்பில் வரும் ஸ்பைனல், கார்னெட் கற்கள், கண்ணாடி என்றால் இரண்டிலும் ஒரே நிறம்.

எனக்குப் பிடித்தது இதில் ஐயோலைட் பார்ப்பது. காங்கேயம், கரூர் வட்டாரத்தில் கிடைக்கிற கல். பட்டை தீட்டாத துண்டை வெயிலில் உருட்டினால் வெறுங்கண்ணுக்கே தெரியும்: ஒரு பக்கம் கத்தரிப்பூ நீலம், திருப்பினால் வெளுத்த நீலம், இன்னொரு பக்கம் நிறமே இல்லையோ என்கிற மாதிரி மஞ்சள். பட்டை தீட்டுகிறவர் எந்தப் பக்கத்தை மேல்முகமாக வைக்கிறார் என்பதில்தான் விலையே இருக்கிறது. எடைக்கு ஆசைப்பட்டுத் திசையை விட்டால் சாம்பல் பூத்த கல்தான் மிஞ்சும். சனிக்கு நீலம் என்று யாராவது ஐயோலைட்டை நீட்டினால் இங்கே மாட்டிக்கொள்வார்கள். அசல் நீலக்கல்லில் ஊதா நீலமும் பச்சை நீலமும் தெரியும். ஐயோலைட்டில் நீலத்துக்குப் பக்கத்தில் வைக்கோல் மஞ்சள் வந்துவிடும். ஆனால் ஒரு நேரத்தில் இரண்டு நிறம்தான் தெரியும், சில திசைகளில் அதுவும் தெரியாது. கல்லைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

பெட்டியில் ‘அசல் கல்லைக் கண்டறியும் கருவி’ என்று அச்சடித்திருக்கிறார்கள். சுத்தப் புளுகு. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னோய் 1902இல் அறிவித்த முறையில் உலையில் வளர்த்த மாணிக்கமும் அதே இரண்டு சிவப்பைத்தான் காட்டும். இயற்கையா செயற்கையா என்று பிரிக்க லென்ஸும் லேபும்தான் வழி.

செல்போன் திரை வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். பெரும்பாலான திரைகளின் ஒளி ஏற்கெனவே ஒரே தளத்தில் அதிர்ந்து வருவதால் கண்ணாடித் துண்டுகூட ஒரு சதுரத்தில் இருண்டு தெரியும். ஜன்னலோரப் பகல் வெளிச்சம் போதும்.

ஒளி கல்லை ஊடுருவி வர வேண்டும் என்பதால், பின்பக்கம் தகடு வைத்து மூடிய பழைய கெம்பு நகைகளுக்கு இது உதவாது. மூக்குத்திப் பொடிக்கல்லும் குழாய் முனைத் துளையை முழுசாக மறைக்காது. அந்த வேலைக்காக வாங்க நினைப்பவர்கள் காசை மிச்சம் பிடியுங்கள்.